கேட்டபின் எழுதுங்கள்

செங்கற்பட்டு மாவட்டத்துத் தமிழ் மன்றத்தார்க்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கூடுவாஞ்சேரி

பெருமதிப்பிற்குரிய அன்பர்களே,

தைத் திங்களில் திருவள்ளுவர் விழாவும், பிப்ரவரி 21-ஆம் நாள் உலகத் தாய்மொழி நாளும், சித்திரையில் பாவேந்தர் விழாவும் எடுத்து, பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டி, பட்டிமன்றம் என்று ஆண்டு முழுவதும் ஓயாது உழைத்து, தாம்பரத்துக்குத் தெற்கே நெடுஞ்சாலையோரம் நாளுக்கொன்றாய் எழும் குடியிருப்புகளிலும் தமிழ் அபிமானம் மங்காமல் காத்துவருகிற உங்களுக்கு, உங்கள் கூட்டங்களில் பின்வரிசையில் அமர்ந்து கேட்டுப் பழகிய ஒருவன் எழுதும் மடல் இது. அரசாங்கத்துக்கு எழுதவேண்டிய விஷயத்தை எங்களுக்கு எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். அரசாங்கம் செய்யவேண்டியது அநேகம் உண்டு. அதைக் கேட்க வேறு மனுக்களும் உண்டு. ஆயினும், மொழியின்பால் மெய்யான பற்றுடையவர்களிடம் மட்டுமே சொல்லத்தக்க குறையொன்று இருக்கிறது. அது நம்முடைய மொழிப்பற்றுக்குப் பக்கத்திலேயே, அதன் கண்ணில் படாமல், வளர்ந்தும் இருக்கிறது. ஆகையால் அதை உங்கள் முன்னிலையில் வைக்கத் துணிந்தேன். நம் மாவட்டத்து இருளர் மக்களின் மொழியைப் பற்றியது அந்தக் குறை.

கூடுவாஞ்சேரி வட்டாரத்தில் நெடுநாள் வாழ்ந்தவர்களுக்கு இருளரை அறிமுகப்படுத்தவேண்டிய அவசியமில்லை. நந்திவரம் ஏரி நிறைந்து கிடந்து, அதற்கப்பால் வயலும் கரம்பும் முட்புதரும் பனைவரிசையுமாக நிலம் விரிந்திருந்த காலத்தில், வரப்பிலே எலிவளை தோண்டி அதற்குள் எலி சேர்த்து வைத்த நெல்லை அள்ளுபவராகவும், முதல்மழைக்கு மறுநாள் புற்றருகே விளக்கேற்றி ஈசல் பிடிப்பவராகவும், வீட்டுக்குள் பாம்பு புகுந்துவிட்டால் நள்ளிரவிலும் ஆளனுப்பி அழைக்கப்படுபவராகவும் அவர்களை நாம் அறிந்திருக்கிறோம். 2019-ஆம் ஆண்டு நவம்பரில் செங்கற்பட்டு தனி மாவட்டமாயிற்று, நந்திவரம்–கூடுவாஞ்சேரி நகராட்சியாயிற்று, 2023-ஆம் ஆண்டின் இறுதியில் கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறக்கப்பட்டது, வயல்கள் மனைகளாயின. இந்த மாறுதல்களுக்கு நடுவே ஏரிக்கரையோரத்திலும் புறம்போக்கிலும் ஐந்து குடும்பம், பத்துக் குடும்பம் என்று சிதறிக்கிடக்கும் இருளர் குடிசைகளை, வேகமாகச் செல்லும் வண்டியிலிருந்து பார்ப்பவர்கள் பார்த்தும் பாராதவர்களாய்க் கடந்துபோகிறார்கள். தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளென அரசு வகுத்துள்ள ஆறு குடிகளில் தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோரோடு இருளரும் ஒருவர். மற்ற ஐவரையும் காண மலையேற வேண்டும். இருளரைக் காண நாம் தெருமுனைக்குப் போனால் போதும்.

இருளருக்கென்று ஒரு மொழி உண்டா என்று நம்மவரில் படித்தவர்களே கேட்பதுண்டு. உண்டு. நீலகிரியின் அடிவாரச் சரிவுகளிலும், கோயம்புத்தூர் மாவட்டத்து மலைப்பகுதிகளிலும், கேரளத்து அட்டப்பாடியிலும் அது இன்னமும் தாயிடமிருந்து பிள்ளைக்கு வந்துகொண்டிருக்கிறது. தென் திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்த அம்மொழி தமிழுக்கு மிக அணுக்கமானது. ஆனால் தமிழில் இல்லாத நடுநா உயிரொலிகளைக் கொண்டது. தனக்கென இலக்கண அமைதியும் சொற்செல்வமும் உடையது. ழெரார் டிஃப்லோத் என்னும் அறிஞர் 1968-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆராய்ச்சி நூலுக்கு, தமிழின் நெருங்கிய உறவுமொழி என்று பொருள்படவே தலைப்பிட்டார். பின்னர், தமிழுலகம் நன்கறிந்த செக் நாட்டுப் பேராசிரியர் கமில் சுவலெபில் 1973 முதற்கொண்டு இருள மொழியைக் குறித்து மூன்று பகுதிகளாக ஆராய்ச்சி வெளியிட்டார். நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் எழுபதுகளின் இறுதியில் இம்மொழியின் ஒலியமைப்பையும் சொற்களையும் ஆராய்ந்து நூலாக்கியது. வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்து காதுகொடுத்துக் கேட்ட மொழியை, அடுத்த தெருவிலிருந்துகொண்டு நாம் கேட்டிருக்கிறோமா என்பதே என் முதல் வினா.

மலையில் அவ்வாறு நின்ற மொழி சமவெளியில் நிற்கவில்லை. எட்கார் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளில் நீலகிரி இருளரையும் செங்கற்பட்டு, ஆர்க்காட்டுப் பகுதி இருளரையும் வெவ்வேறாகவே வைத்து விவரித்தார். நம் பக்கத்தவருக்கு வில்லியர் என்ற பெயருண்டு என்பதையும் குறித்தார். இன்று நம் மாவட்டத்து இருளர் பேசுவது பெரும்பாலும் தமிழே. அதனூடே ஊடுருவி நிற்கும் தனியான ஏற்ற இறக்கமும், வேர், கிழங்கு, பூச்சி, பாம்பு, வளை, தடம் இவற்றைச் சுட்டும் தொழில் வழக்குகளும், கன்னியம்மன் வழிபாட்டில் வரும் பாட்டுகளும், மூத்தோர் நாவில் மட்டும் தங்கிய சில பிரயோகங்களுமே எச்சமாய் நிற்கின்றன. பேரப்பிள்ளைகளின் நாவில் அந்த எச்சமும் இல்லை.

ஏன் இப்படி நேர்ந்தது? மலையிலுள்ள இருளர், ஊர் என்று சொல்லத்தக்க கட்டுக்கோப்பான குடியிருப்புகளில் தம்மவர் நடுவே வாழ்ந்தார்கள். எனவே பேச்சுக்கு ஒரு வீடு இருந்தது. சமவெளியில் அந்த வீடு இல்லை. 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் காடுகளை அரசின் காப்புக்குள் கொண்டுவந்த பிறகு, காட்டையே ஜீவனாதாரமாகக் கொண்டிருந்தவர்கள் காட்டுக்கு அந்நியரானார்கள். தோப்புக் காவலுக்கும், சவுக்கு வெட்டவும், விறகு சுமக்கவும், நெல் அரவை ஆலைகளிலும் செங்கற்சூளைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு உழைக்கவும் அவர்கள் சிதறிப்போயினர். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்தபின்னும், சூளைகளிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்தியை நாம் பலமுறை படித்திருக்கிறோம். ஒரு சூளையில் இரண்டு குடும்பம், ஒரு தோப்பில் ஒரு குடும்பம் என்றிருப்பவர்கள் எஜமானனிடமும் மேஸ்திரியிடமும் கடைக்காரரிடமும் தமிழில்தான் பேசியாக வேண்டும். பொழுதெல்லாம் அப்படிப் பேசிய வாய், இரவில் குடிசைக்குத் திரும்பிய பிறகும் அப்படியே பேசுகிறது. ஒரு பாஷையை ஒருவரும் தடைசெய்யவில்லை. அதைப் பேசுவதற்குரிய மனிதக்கூட்டத்தை வாழ்க்கை கலைத்துவிட்டது.

இதனோடு இன்னொரு காரணமும் உண்டு. அதுவே நம்மைப் பெரிதும் சார்ந்தது. தமிழுக்கு வெகுதூரமான மொழியொன்று தமிழ்நாட்டில் அழிந்துகொண்டிருந்தால் அந்த இழப்பு எவருக்கும் புலப்படும். மிக அணுக்கமான மொழி அழியும்போது இழப்பு திருத்தம்போல் தோன்றுகிறது. பாட்டி ஓரொலியை நாவின் நடுவில் வைத்துச் சொல்வாள். தாய் அதைத் தமிழொலியாக்கிச் சொல்வாள். பிள்ளை அந்தச் சொல்லையே விட்டுவிட்டுப் பாடப்புத்தகத்துச் சொல்லை எடுத்துக்கொள்ளும். இம்மூன்று படிகளையும் அருகிருந்து பார்ப்பவர், குடும்பம் நாகரிகமடைகிறது, குழந்தைக்குப் பேச்சுத் திருந்துகிறது என்று மகிழ்வாரே தவிர, ஒரு மொழி தன் கடைசிப் படியில் இறங்குவதைக் கண்டுகொள்ளமாட்டார். ஒன்றாம் வகுப்பில் வந்தமர்ந்த இருளர் குழந்தை தன் வீட்டு வழக்கில் ஒரு வாக்கியம் சொல்ல, வகுப்பு முழுவதும் சிரிக்க, ஆசிரியரும் நல்லெண்ணத்தோடேயே அதைக் கொச்சையென்று திருத்த, அன்றுமுதல் வாய் திறவாமல் கடைசி வரிசைக்குப் போய், இரண்டொரு ஆண்டில் பள்ளியையும் விட்டு நின்றுவிடுவதற்கு அப்பிள்ளையின் மந்தபுத்தியைக் காரணமாக்குவது நமக்கு எளிதாயிருக்கிறது. அந்தச் சிரிப்பில் பகையில்லை என்பதை ஒப்புகிறேன். பகையில்லாத பரிகாசத்துக்கு எதிர்ப்பு எழுவதில்லை. ஆகவே அது நெடுங்காலம் நிலைத்து வேலைசெய்கிறது.

இருளரின் அறிவை நாடு மதிக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். அதன் ஒரு கூற்றை மிகவும் மதித்திருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள், இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கத்தின் பணியை நீங்களும் கண்டிருக்கக்கூடும். மணல் பரப்பிய பள்ளம். அதனுள் வரிசையாக வாயிற் துணி கட்டிய மண்பானைகள். ஒவ்வொரு பானையிலும் ஒரு பாம்பு. அரைக்கால் சட்டையோடு நிற்கும் ஒருவர், துணியை அவிழ்த்து, வளைந்த கம்பியொன்றால் கண்ணாடி விரியனை வெளியே எடுத்து, தலையைப் பதமாய்ப் பற்றி, விளிம்பில் தோல்போல் மூடிய கண்ணாடிக் குப்பியைக் கடிக்கச் செய்கிறார். வெளிர்மஞ்சளாய்ச் சில துளிகள் அடியில் தேங்குகின்றன. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கினையும் இங்ஙனமே சில வாரம் வைத்து, வாரம் ஒருமுறையாக நஞ்செடுத்து, அதே பாம்பை உடனே மறுபடியும் பிடித்துவிடாதபடி வயிற்றுச் செதிளில் அடையாளம் கத்தரித்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் நச்சுமுறி மருந்து செய்யப் பயன்படும் நஞ்சில் மிகப்பெரும் பங்கு இந்தச் சிறு பள்ளத்திலிருந்தே போகிறது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 58,000 பேர் பாம்புக்கடியால் மாள்வதாக ஆராய்ச்சியாளர் கணித்துள்ள ஒரு நாட்டில் இது எத்தகைய சேவையென்று நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இந்தச் சங்கத்தின் சரித்திரத்தில் நமக்கொரு பாடம் உண்டு. பாம்புத்தோல் வாணிகத்துக்காகப் பாம்பைக் கொன்று பிழைத்தவர்களின் பிழைப்பு, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தாலும் அதன்பின் வந்த ஏற்றுமதித் தடையாலும் அடியோடு நின்றது. அந்தத் திறமையும் அத்தோடு மறைந்திருக்கவேண்டியது. பாம்பியல் அறிஞர் ரோமுலஸ் விட்டேகரும் இருளர் நண்பர்களும் சேர்ந்து 1978-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, கொல்வதற்குப் பயன்பட்ட திறமையையே உயிர்காக்கும் தொழிலாக்கி, அதற்கு உரிமமும் கூலியும் கௌரவமும் வாங்கித்தந்தார்கள். திறமை பிழைத்தது. நம் மாவட்டத்து மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துச் சதுப்புநிலங்களுக்கு அழைக்கப்பட்டு, அங்கே பெருகிக் கேடுசெய்த பர்மிய மலைப்பாம்புகளைத் தடம்பார்த்துப் பிடித்துக்காட்டினர். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தண்டரையிலே 1986 முதல் இயங்கிவரும் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் மூலிகை ஞானத்தை அவ்வாறே பேணிவருகிறது. ஆக, நமக்கு வேண்டியதென்று நாம் உணர்ந்த அறிவுக்கு இடமும் ஊதியமும் கிடைத்துவிட்டன. வரப்பில் இழைந்த ஒரு கீற்றைப் பார்த்தவுடனே இன்ன பாம்பு, எவ்வளவு நீளம், எந்தத் திசையில், எத்தனை நாழிகைக்கு முன் போயிற்று என்று சொல்லும் அறிவு, தந்தை முன்நடக்க மகன் பின்நடக்கத் தாழ்ந்த குரலிலே பேசிப்பேசி வந்தது. அந்தப் பேச்சுக்கு மட்டும் எவரும் இடம் கொடுக்கவில்லை.

இனி, என்னிடம் நண்பர்கள் கூறும் இரண்டு ஆட்சேபங்களைச் சொல்லி விடையும் தர முயல்கிறேன். பட்டா இல்லை, சாதிச் சான்றிதழ் கிடைப்பதில்லை, மழைக்கு ஒழுகாத கூரையில்லை. இந்நிலையில் பாஷையைப் பற்றிப் பேசுவது வயிறு நிறைந்தவனின் விநோதமல்லவா என்பது முதல் ஆட்சேபம். இதில் பாதி உண்மையிருக்கிறது. கூரைக்கு முன்னே மொழியை வைக்கும் பைத்தியக்காரத்தனத்தை நான் செய்யவில்லை. ஆனால், சான்றிதழ் கேட்டு அலுவலகத்துக்குப் போகும் இருளர் எதிர்கொள்ளும் அவமதிப்பும், அவர் பிள்ளை வகுப்பில் எதிர்கொள்ளும் சிரிப்பும் ஒரே வேரில் முளைத்தவை. பேச்சுக்காக நாணும்படி பழக்கப்பட்டவன் உரிமைக்காகக் குரலெழுப்ப மாட்டான். எழுப்பினாலும், எழுதியதை மற்றொருவர் வாசித்துச் சொல்லவேண்டிய நிலையில் நிற்பான். பேச்சின் கௌரவம் கூரைக்குப் பகையன்று, துணை.

இரண்டாவது ஆட்சேபம் நம் போன்றாரிடமிருந்தே வருவது. இருளமும் தமிழ்தானே, தமிழின் ஒரு கிளைவழக்குத் தமிழில் வந்து கலப்பதில் நஷ்டம் என்ன என்கிறார்கள். மொழிக்கும் வழக்குக்கும் இடையிலுள்ள எல்லையைப் புலவர்கள் ஆராயட்டும். அந்த எல்லை எப்போதும் இலக்கணத்தால் மட்டும் தீர்மானிக்கப்பட்டதில்லை என்பதைச் சரித்திரமறிந்த நீங்கள் அறிவீர்கள். கால்டுவெல் 1856-இல் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டபோது மலையாளத்தைத் தமிழிலிருந்து மிகப் பழங்காலத்திலே பிரிந்த கிளையென்றே கருதினார்; இன்று அதைக் கிளைவழக்கு என்று சொல்ல எவருக்கும் துணிவு வராது. அதற்கு அரசுகள் இருந்தன, காவியங்கள் இருந்தன, அச்சு வந்தது, குண்டர்ட்டின் அகராதி 1872-இல் வந்தது. கால்டுவெல்லின் அந்நூலிலேயே தோடம், கோத்தம் முதலியன திருந்தா மொழிகளென வகுக்கப்பட்டன. ஏடில்லாமையே அவற்றின் குற்றம். ஏடில்லாத மொழியைத் திருந்தாத மொழியென்று எண்ணும் பழக்கம் அன்று தொடங்கியதோ அதற்கு முன்னரே தொடங்கியதோ, இன்றளவும் நம்மை விடவில்லை. இருளம் தமிழே என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், தமிழின் கிளையொன்று இலையுதிர்வதைக் கண்டு தமிழ் மன்றத்தான் பதறவேண்டுமா, பதறாமலிருக்கவேண்டுமா? தனி மொழி என்றால் அயலார் விஷயமென்றும், தமிழ் என்றால் கொச்சை என்றும், எப்படிச் சொன்னாலும் நம் பொறுப்பு தட்டிக்கழிந்துபோகிறதே!

1938-லும் 1965-லும் இந்தியை எதிர்த்துத் தமிழர் எதற்காகத் தெருவிலிறங்கினார்கள்? பெரும்பான்மையென்னும் ஒரே காரணத்தால் ஒரு மொழி மற்றொன்றின் நாற்காலியில் அமரக்கூடாது என்பதற்காக அல்லவா? அந்த நியாயம் டில்லியை நோக்கிச் செல்லும்போது மட்டும் நியாயமாயிருந்து, ஏரிக்கரைக் குடிசையை நோக்கித் திரும்பும்போது மௌனமாகிவிடுமானால், நாம் காத்தது நியாயத்தையன்று, நம் வசதியை மட்டுமே என்று பிறர் சொல்ல நேரும். நம் அரசியல் சட்டத்தின் 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி நிலையில் தாய்மொழி வழியே கற்பிக்க வசதி செய்ய முயலவேண்டுமென்று 1956 முதல் சொல்லிவருகிறது. ஒடிசா மாநிலம் 2007-ஐ ஒட்டித் தன் பழங்குடிக் குழந்தைகளுக்கு அவரவர் மொழியில் பாடத்தைத் தொடங்கி, படிப்படியாக ஒடியாவுக்கு அழைத்துச்செல்லும் முறையைக் கைக்கொண்டது. நியூசிலாந்திலே மவோரி மக்கள் தம் மொழி பாட்டிமார் வாயோடு முடிந்துவிடுமென்று கண்டு, 1982-இல் அந்தப் பாட்டிமாரையே ஆசிரியராக்கி மழலைப்பள்ளிகள் தொடங்கி, ஒரு தலைமுறையை மீட்டார்கள். தாமதித்தவர்களின் கதையும் நமக்குத் தெரியும்: அந்தமானில் போ மொழியை அறிந்த கடைசி மூதாட்டி 2010 ஜனவரியில் காலமானபோது, அவரோடு பேச அதற்கு முன்பே ஒருவருமில்லாதிருந்தது.

இருள மொழிக்கு அந்நிலை இன்னும் வரவில்லை. அது பாடவல்லது, கவிதையும் வல்லது. அட்டப்பாடி இருளர் மூதாட்டி நஞ்சியம்மா, 2020-இல் வந்த மலையாளத் திரைப்படம் ஒன்றில் தம் மொழியிலேயே பாடி, 2022-இல் அறிவிக்கப்பட்ட சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதைப் பெற்றார். கவிஞர் லட்சுமணன் 'ஒடியன்' என்னும் தொகுப்பில் இருள மொழியைத் தமிழெழுத்தில் வைத்துக் கவிதையாக்கினார். தமிழெழுத்தே அதைத் தாங்கும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

மாசிமகத்துக்கு மாமல்லபுரம் போனவர்கள் நம் மாவட்டத்து இருளரிடம் இன்னும் எஞ்சியிருப்பதைக் கண்ணால் கண்டிருப்பார்கள். பல மாவட்டங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து, கடற்கரைக் கோயிலுக்கருகே சேலைகளையும் தார்ப்பாய்களையும் கூடாரமாகக் கட்டி, மூன்றுகல் அடுப்பு மூட்டி, கோபித்துக் கடலுக்குள் போன கன்னியம்மனைச் சாந்தப்படுத்தி அழைத்துவரும் நம்பிக்கையோடு பௌர்ணமி இரவைக் கழிக்கிறார்கள். விடியுமுன்னர் ஈர மணலிற் படிகள் கட்டி, அதன்மேல் பூவும் பழமும் வெற்றிலையும் வைத்து, அருள் வந்து ஆடுவோரிடம் குறிகேட்கிறார்கள். மொட்டையும் காதுகுத்தலும் திருமணமும் அந்த மணலிலேயே நடந்தேறுகின்றன. ஆண்டு முழுவதும் ஐந்தும் பத்துமாய்ச் சிதறிக்கிடந்தவர்கள், தமக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் கூட்டமாவது அந்தச் சில நாட்களில்தான். முதியவர் குரலில், எதிரேயிருப்பவருக்குச் சரிசெய்துகொள்ளாத பழைய ஓசை அப்போது வெளிப்படக் கேட்கலாம். நாமோ புகைப்படக்கருவியோடு நின்று கோலாகலத்தைப் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறோம்.

இவ்வளவும் சொல்லி, நான் உங்களிடம் வேண்டுவது ஒரே ஒரு காரியம். அதற்கு இரண்டு எண்களை முதலில் சொல்லவேண்டும். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் மட்டும் இருளர் ஏறத்தாழ 1,90,000 பேர். அதே கணக்கில், இந்தியா முழுவதிலும் இருள மொழியைத் தாய்மொழியென்று பதிந்துகொண்டவர்கள் 11,870 பேர். அவர்களும் தமிழ் என்னும் தலைப்பின்கீழ் ஓர் உட்பிரிவாகவே அச்சிடப்பட்டார்கள். இந்த எண்ணில் ஓர் அபாயம் ஒளிந்திருக்கிறது. 1961-ஆம் ஆண்டுக் கணக்கு 1,652 தாய்மொழிகளைப் பெயர்சொல்லிப் பட்டியலிட்டது. 1971 முதலோ பதினாயிரம் பேருக்குக் குறைந்த தாய்மொழிகள் தம் பெயரை இழந்து, 'மற்றவை' என்னும் ஒரே பேழைக்குள் இடப்பட்டன. 2011-இல் மக்கள் சொன்ன பெயர்கள் 19,569; ஆராய்ந்து அச்சில் நின்றவை 270 மட்டுமே. இருளத்துக்கும் அந்தப் பேழைக்கும் இடையிலுள்ள தூரம் ஈராயிரத்துக்கும் குறைந்த மனிதர்களே. ஒரு மொழியின் பெயர் அரசாங்கத்தின் ஏட்டிலிருந்து மறைந்துவிட்டால், அதன்பின் அதற்கொரு பாடநூல் வேண்டும், ஆராய்ச்சி வேண்டும், நிதி வேண்டும் என்று கேட்பவரிடம், அப்படியொரு மொழி எங்கேயிருக்கிறது என்று கேட்பார்கள்.

2027-இல் அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கவிருக்கிறது. வீடுவீடாகச் செல்லப்போகிறவர்கள் யார்? பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள், அதாவது நீங்கள். அன்று மாலை மன்றத்தில் தமிழைப் பற்றிப் பேசுகிறவரின் கையே, காலையில் ஏரிக்கரைக் குடிசையின் வாசலில் தாய்மொழி என்னும் கட்டத்தை நிரப்பப்போகிறது. வெயில் ஏறிக்கொண்டிருக்கும், இன்னும் நாற்பது வீடு மிச்சமிருக்கும், எதிரே நிற்பவரோ தமிழில்தான் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். கேட்க வேண்டியதில்லை என்று தோன்றும். கை தானாகவே 'தமிழ்' என்று பதிந்துவிடும். நான் உங்களைக் கைகூப்பி வேண்டுவது அந்த இடத்தில் ஒரு கணம் நிற்கவேண்டும் என்பதே.

அவ்வாறு நிற்பது விதிக்கு மாறானதன்று, விதியே அதுதான். குழந்தைப் பருவத்தில் தாய் தன்னிடம் பேசிய மொழியே தாய்மொழி. ஒருவர் சிசுவாயிருக்கையிலேயே தாய் இறந்துவிட்டால் அந்த வீட்டில் முக்கியமாகப் பேசப்பட்ட மொழி என்றே கணக்கெடுப்போருக்கான கட்டளை வகுத்திருக்கிறது. சொல்லப்பட்ட மொழி வேறொன்றின் கிளைவழக்கா என்று தீர்மானிக்கும் வேலை கணக்கெடுப்பவருடையதன்று என்றும், சொன்னபடியே பதியவேண்டுமென்றும், தாமாகத் திருத்த அதிகாரமில்லை என்றும் அக்கட்டளை கூறுகிறது. மேலும், தாய்மொழி தவிர அறிந்த வேறு இரண்டு மொழிகளையும் பதிய வேறு கட்டமுண்டு. ஆகவே இருளத்தைத் தாய்மொழியென்று சொல்பவர் தமிழை இழப்பதில்லை, தமிழ் அடுத்த கட்டத்தில் அமர்ந்துகொள்ளும்.

ஆனால் இன்னொரு பக்கத்து அபாயத்தையும் நான் எச்சரிக்காமல் விடக்கூடாது. இம்மடலைப் படித்த உற்சாகத்தில் எவரேனும், இருளரென்றால் இருளமே என்று தாமே எழுதிவிடுவாராகில், அதுவும் அதே அநியாயந்தான். நம் மாவட்டத்தில் பலர், எனக்குத் தாய் பேசியது தமிழே என்பார்கள், அது உண்மையாகவே இருக்கும், அப்படியே எழுதுங்கள். சிலர் தயங்குவார்கள், எதைச் சொன்னால் சலுகை போய்விடுமோ, எதைச் சொன்னால் சிரிப்பார்களோ என்று உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தத் தயக்கம் நாம் தலைமுறை தலைமுறையாக ஏற்படுத்திய தயக்கம். அதை ஆதரவான ஒரு சொல்லால் நீக்கிவிட்டு, விடை வரும்வரை காத்திருங்கள். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவியிடமும் கேளுங்கள். குடும்பத் தலைவர் ஒருவர் சொன்னதையே எல்லாருக்கும் எழுதிவிடாதீர்கள், ஏனெனில் ஒரே குடிசையில் மூத்தவருக்கு ஒரு தாய்மொழியும் இளையவருக்கு வேறொன்றும் இருக்கக்கூடும்.

இந்தப் பழக்கம் கணக்கெடுப்போடு நின்றுவிடாமல் மன்றத்துக்கும் வகுப்பறைக்கும் வருமானால் அதைவிட மகிழ்ச்சி எனக்கு வேறில்லை. வரும் ஆண்டு கட்டுரைப்போட்டியில் வட்டாரச் சொல்சேகரிப்பு என்றொரு பிரிவு வையுங்கள். இருளர் பிள்ளை தன் தாத்தாவிடம் கேட்டெழுதிய செடிப்பெயர்களுக்கும் பாம்புப்பெயர்களுக்கும் பரிசு கொடுங்கள். சேகரித்ததை அவர்கள் அனுமதியின்றி அச்சிடாதீர்கள். அச்சிட்டால் சொன்னவர் பெயரைப் போட்டு, முதற்பிரதியை அக்குடியிருப்புக்கே கொடுங்கள். மூலிகைப் பெயர் கேட்டுப்போய் மருந்தைக் கொண்டுபோனவர்களை அவர்கள் நிரம்பக் கண்டவர்கள். அந்த ஐயம் நியாயமானது. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சிந்தாமணியை அச்சிடுவதற்காக ஏடு தேடி அலைந்த கதையை மேடைதோறும் சொல்லும் நாம், அந்தச் சிரத்தையில் நூறிலொரு பங்கைச் செலவிட்டால் போதும். ஒரு வேற்றுமையை மட்டும் மறவாதிருப்போம்: ஐயர் தேடிய ஏடுகள் பரணிலே பல தலைமுறை கிடந்து அவருக்காகக் காத்திருந்தன. நாவிலிருக்கும் மொழிக்கு அந்தப் பொறுமை கிடையாது.

ஐக்கிய நாடுகள் மன்றம் 2022 முதல் 2032 வரையுள்ள பத்தாண்டைப் பழங்குடி மொழிகளுக்கென்று குறித்திருக்கிறது. அதிற் பாதி கழிந்துகொண்டிருக்கிறது. மறுபாதியின் வாசலில் நம் கணக்கெடுப்பு வருகிறது. உலகத் தீர்மானங்களை நாம் நிறைவேற்ற முடியாது. ஒரு கேள்வியை நேர்மையாகக் கேட்க முடியும். "உங்கள் அம்மா உங்களிடம் எந்தப் பேச்சில் பேசினார்?" என்று கேளுங்கள், வருகிற விடையை, அது தமிழாயினும் இருளமாயினும், ஓரெழுத்தும் மாற்றாமல் எழுதுங்கள். தமிழன்பர்களால் இதுகூட ஆகாதென்று நான் நம்பவில்லை.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள,
கூடுவாஞ்சேரி வாசி ஒருவன்